எந்த வருஷத்து ஜீப்?

பழைய ஜீப் வாங்க நினைத்து சித்தூர்ப் பக்கம் வண்டி பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது ஒன்றுதான். "எந்த வருஷ மாடலுங்கண்ணா எடுக்கலாம்?" பதில் சொல்லும் முன் நானும் ஒன்று கேட்பேன். "வண்டி எங்கே போகணும் தம்பி?"

கொழிஞ்சாம்பாறையிலிருந்து பொள்ளாச்சிச் சந்தைக்குப் போய்வர எந்த வண்டியும் போதும். சித்தூர் தாலுக்காவுக்குள்ளேயே நெல்லியாம்பதியும் இருக்கிறது. நெம்மாறை தாண்டி, போத்துண்டி அணையைத் தாண்டி ஏறினால், மேலே மாம்பாறைக்குப் போகும் பாதை வெறும் உருட்டுக்கல். இடுக்கிப் பக்கம் சொல்லவே வேண்டாம். கொழுக்குமலை தேனி மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் சூரியநெல்லி போய் அங்கிருந்து ஜீப்பில்தான் ஏறியாக வேண்டும். போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு விடிகாலையில் மலையேறும் ஜீப்கள்தான் அந்தத் தொழிலையே தாங்குகின்றன. இந்தப் பாதைகளில் வருஷத்தைப் பார்த்து வண்டி எடுத்தவன் தவிப்பான். எஞ்சினையும் கியரையும் பார்த்து எடுத்தவன் வீடு வந்து சேருவான்.

ஆர்.சி. புத்தகத்தில் உள்ள வருஷத்தை அப்படியே நம்பவும் முடியாது. மிலிட்டரி டிஸ்போசலில் ஏலம் எடுத்த வண்டிக்குப் பட்டாளத்தில் ஓடிய வருஷங்கள் போக, வெளியே வந்து பதிவான வருஷமே ஆர்.சி.யில் ஏறியிருக்கலாம். பாடி ஒரு வண்டியுடையது, கியர்பாக்ஸ் இன்னொன்றுடையது, எஞ்சின் மூன்றாவது வண்டியுடையது என்று இருப்பதும் சகஜம். ஜீப்பின் வயதை இரும்பைப் பார்த்துத்தான் படிக்க வேண்டும்.

முதலில் பெட்ரோல் வண்டி. 1940களின் கடைசியில் பம்பாயில் வில்லிஸ் ஜீப்பைக் கோர்த்து விற்கத் தொடங்கியது மஹிந்திரா. அந்தக் காலத்து வண்டிகள் 'லோ பானட்'. 1953-இல் அமெரிக்காவில் வந்த சிஜே3பி-யில் எஞ்சின் உயரமானது. அது அடங்குவதற்காக பானட்டையும் தூக்க வேண்டியிருந்தது. அதுதான் நம்மூர் 'ஹை பானட்'. அமெரிக்காவில் 1968-இல் நின்றுபோன இந்த வண்டி, இங்கே அதற்குப் பிறகும் வெகுகாலம் வந்துகொண்டிருந்தது. 80 அங்குல வீல்பேஸ், 2.2 லிட்டர் ஹரிக்கேன் எஞ்சின். இன்டேக் வால்வு ஹெட்டில், எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கில்.

ஃபோர் வீல் போட்டு, லோ போட்டு, முதல் கியரில் விட்டால் எஞ்சின் 37 சுற்று சுற்றும்போது சக்கரம் ஒரே ஒரு சுற்று சுற்றும். கியர்பாக்ஸில் 2.8, டிரான்ஸ்ஃபரில் 2.46, ஆக்சிலில் 5.38, மூன்றையும் பெருக்கிப் பாருங்கள். மாம்பாறைக் கல்லில் ஆக்சிலேட்டரைத் தொடாமலே வண்டி தானாக ஊர்ந்து ஏறுவது இந்தக் கணக்கால்தான். ஆனால் இருப்பது மூன்றே கியர், அதிலும் முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. கொண்டை ஊசி வளைவில் வேகம் செத்துவிட்டால் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு ஒரு ரேஸ் கொடுத்து, மறுபடி கிளட்ச் மிதித்துத்தான் முதல் கியரைப் போட வேண்டும். அந்தக் கால் பழக்கம் வராதவருக்கு ஹை பானட் வேண்டாம். வந்துவிட்டால் வேறு வண்டி பிடிக்காது. பெட்ரோல் செலவைத் தாங்கும் மனசும் வேண்டும்.

பெட்ரோல் விலை ஏறியதும் பி-275 டிராக்டர் எஞ்சினை ஜீப்பில் வைத்தார்கள். இழுவை உண்டு, உதறலும் சத்தமும் அதைவிட அதிகம். சேஸிஸை அந்த உதறல் சும்மா விடாது. பாசத்துக்காக வைத்துக்கொள்ளலாம், உழைக்க வாங்காதீர்கள்.

1980களில் வந்த எம்எம்540 வேறு ரகம். பெஜோவின் உரிமத்தில் செய்த எக்ஸ்டிபி 4.90 டீசல் எஞ்சின், 2112 சிசி. கியர் நான்கு. சத்தம் குறைவு, ஓட்டம் மென்மை. மூணாறு குளிரில் காலையில் ஹீட்டர் போட்டு, கொஞ்சம் பொறுத்து ஸ்டார்ட் செய்ய வேண்டும். அவசரப்பட்டால் பேட்டரிதான் இறங்கும். ரேடியேட்டரைக் கவனிக்காமல் சூடேற விட்டால் ஹெட் கேஸ்கெட் போகும். இந்த இரண்டையும் பார்த்துக்கொண்டால் வேறு குறை சொல்ல ஏதுமில்லை.

அதற்குப் பின் வந்த எம்டிஐ, 2523 சிசி, நேரடி டீசல் பீய்ச்சல். ஹீட்டர் தேவையில்லை, மைலேஜ் அதிகம், எந்த ஊர் மெக்கானிக்கும் பிரித்து மாட்டுவார். பெஜோவின் மென்மை இதில் கிடையாது. ஏலத்தோட்டத்துக்கு ஆளும் மூட்டையும் ஏற்றிப் போகிறவர்கள் இதைத்தான் வைத்திருக்கிறார்கள், அது சரியும்கூட.

எந்த வண்டியானாலும் பெயிண்டைப் பார்க்காமல் கீழே படுத்துப் பாருங்கள். முன் பட்டை ஸ்பிரிங் மாட்டும் இடத்திலும், ஸ்டியரிங் பாக்ஸ் உட்காரும் இடத்திலும் சேஸிஸைச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். கணீரென்று கேட்டால் இரும்பு. மொத்தென்று கேட்டால் உள்ளே துரு, மேலே பட்டியும் வெல்டிங்கும். முன் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆடினால் கிங் பின்னோ பேரிங்கோ தேய்ந்திருக்கிறது.

பலரும் விட்டுவிடும் சோதனை ஒன்று உண்டு. கியர்பாக்ஸின் ஆயில் பிளக்கையும் அதன் பின்னால் உள்ள டிரான்ஸ்ஃபர் கேஸின் பிளக்கையும் திறக்கச் சொல்லுங்கள். இரண்டிலும் விரல் விட்டுப் பாருங்கள். கியர்பாக்ஸில் ஆயில் குறைந்து டிரான்ஸ்ஃபரில் வழிந்தால், நடுவில் உள்ள சீல் போய்விட்டது. கியர்பாக்ஸ் பல காலம் வறண்டு ஓடியிருக்கிறது என்று அர்த்தம். விற்பவர் "சும்மா சீல் செலவுதாங்க" என்பார். பற்களைப் பார்க்காமல் அதற்குத் தலையாட்டாதீர்கள்.

இனி காகிதம். கேரளத்தில் பழைய ஜீப்பில் மேட்டடார் எஞ்சினும் டொயோட்டா டீசலும் ஏற்றி ஓட்டுவது வெகுநாள் பழக்கம். 2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து போன வழக்கிலேயே, கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆர்.சி.யில் பெட்ரோல், பானட்டுக்குள் டீசல் என்றிருந்தால் அந்த வண்டி எவ்வளவு மலிவானாலும் தலைவலி. சேஸிஸில் குத்திய எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்து, ஆர்.சி.யோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். 50 வருஷம் தாண்டிய, உருமாறாத வண்டிக்கு 2021 விதிப்படி 'விஏ' எழுத்துள்ள விண்டேஜ் பதிவு கிடைக்கும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு எடுக்கக் கூடாது. தோட்டத்துக்குப் போகிறவருக்கு அதனால் பயனில்லை.

சரி, எதைத்தான் எடுப்பது? சேர்த்துவைத்து அழகு பார்க்க, எஞ்சின் மாற்றாத பெட்ரோல் ஹை பானட். உழைக்க, எம்டிஐ. ஒரே வண்டியில் மலையும் ஏற வேண்டும், குடும்பத்தோடு ஊருக்கும் போக வேண்டும் என்றால் 1980களின் பின்பாதியில் வந்த பெஜோ எம்எம்540. என் ஓட்டு அதற்குத்தான். ஆனால் துருப்பிடித்த 88-ஐயும் கெட்டியான 92-ஐயும் அருகருகே நிறுத்தினால், கேள்வியே இல்லாமல் 92-ஐ எடுங்கள். நல்ல சேஸிஸ் உள்ள வருஷம்தான் நல்ல வருஷம்.