காந்தாரம் இல்லாத கார்டு

சி மேஜர் கார்டின் நடுவில் இருக்கும் ஈ-யை எடுத்துவிட்டு எஃப்-ஐ வைத்தால் சஸ் ஃபோர். நம் கணக்கில் ச, ம, ப. காந்தாரம் போய்விட்டதால் இது மேஜரா மைனரா என்று காது முடிவுகட்ட முடியாது. பி ஃபிளாட்டும் டி-யும் சேர்ந்தால் நைன் சஸ் ஃபோர். இதன் எஃப் ஈ-க்கு இறங்கியே தீர வேண்டும் என்றது தியரிப் புத்தகம். எனக்கோ அது வந்து சேர்ந்துவிட்ட இடமாகவே கேட்டது. ஏன் என்று தேடத் தொடங்கினேன்.

கோவை ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு தேவாலயத்தில் பியானோ வாசிக்கும் அண்ணன் விளக்கம் சொல்லவில்லை, வாசித்தே காட்டினார். எஃப் மேஜரிலிருந்து சி மேஜருக்குப் போகையில் மற்ற விரல்கள் இடம் மாறின. எஃப்-இல் இருந்த விரல் மட்டும் எழவில்லை. ஒரு தட்டு உரசிவிட்டுத்தான் ஈ-க்கு இறங்கியது. "பாட்டு முடியற இடத்துல இதைக் கேட்டிருப்பீங்களே" என்றார். 1725-இல் வியன்னாவில் வெளியான யோஹான் யோசஃப் ஃபுக்ஸின் 'கிராதுஸ் அத் பர்னாசும்' இதைத்தான் நான்காம் வகைப் பயிற்சியாகச் சொல்லிக்கொடுத்தது. அதாவது, ஈ-க்கு இறங்கத் துடிக்கும் அந்தத் தவிப்பு சுரங்களால் மட்டும் வந்ததல்ல. ஒரு குரல் பிந்தி வருவதால் வந்தது.

அந்தக் கடமை இல்லாமலும் இது நிற்கும் என்பதற்கு 1965-இல் ஜாஸ் பியானோ கலைஞர் ஹெர்பி ஹான்காக் தந்த 'மெய்டன் வாயேஜ்' போதும். கீழே டி, மேலே ஏ மைனர் செவன். நான்கு பார் முழுக்க அதுவே. பிறகு எங்கும் இறங்காமல் எஃப்-இன் மேல் சி மைனர் செவனுக்கு நகர்கிறது. சி நைன் சஸ் ஃபோரை வாசிக்கும் வழியும் இதிலேயே இருக்கிறது: இடது கையில் சி, வலது கையில் ஜி மைனர் செவன்.

இதையே பிரித்து ஒவ்வொன்றாக, வடவள்ளியில் ஒரு பாட்டு டீச்சரின் ஆர்மோனியத்தில் வாசித்தேன். ச ரி ம ப நி. "மத்யமாவதிதானுங்களே!" என்றார் உடனே. மத்யமாவதி கச்சேரியை மங்களமாக முடிக்கப் பாடும் ராகம். தேவாரத்தில் செந்துருத்திப் பண். அதில் இருப்பது சுந்தரரின் திருவாரூர்ப் பதிகம் ஒன்றே. தியரிப் புத்தகத்தில் முடியாமல் நிற்கும் சுரங்கள், இங்கே முடித்து வைக்கும் சுரங்கள். சின்ன வயதிலிருந்து அதைக் கேட்டு வளர்ந்த காது வேறெப்படிக் கேட்கும்?

டீச்சர் அதோடு விடவில்லை. "ரியும் நியும் அசையலைன்னா ராகம் எங்கீங்க?" என்றார். நியாயம்தான், பியானோவில் அந்த அசைவு வராது. எஃப்-ஐ லேசாகத் தொட்டு டி-க்கு வந்து பார்க்கிறேன், கொஞ்சம் கிட்டே வருகிறது.

ஏ-யைச் சேர்த்து தர்ட்டீன் சஸ் ஆக்கினால் மத்யமாவதி கலைந்துவிடுகிறது. தைவதம் வந்தாயிற்று, இனி கரகரப்பிரியாவா அரிகாம்போதியா என்று சொல்லக் காந்தாரம் வேண்டும், அது இல்லை. புத்தகம் சொன்ன தவிப்பு என் காதுக்கு அங்கேதான் கேட்கிறது.