புகையில்லாத கரி

கடலூர், விழுப்புரம் பக்கம் ஐம்பது வயசைத் தாண்டின யாரிடமாவது 'லெக்கோ' என்று சொல்லிப் பாருங்கள். முகம் மலரும். கூடவே ஒரு கதையும் வரும். நெய்வேலியில் செய்த கரி அது. கறுப்பாக, கட்டி கட்டியாக, மூட்டையில் வரும். எங்கள் ஆயா வீட்டில் தாழ்வாரத்து மூலையில் எப்போதும் ஒரு மூட்டை சாய்ந்து நிற்கும்.

இந்தப் பதிவு லெக்கோ பற்றியும், கரியைச் சுத்தம் செய்யக் கிளம்பிய விஞ்ஞானம் எதைச் சுத்தம் செய்தது, எதை விட்டுவிட்டது என்பது பற்றியும். கெமிஸ்ட்ரி என்றதும் ஓடிவிடாதீர்கள். சமன்பாடு ஒன்று கூடக் கிடையாது, சத்தியம் :)

விறகடுப்பில் சமைத்த தலைமுறைக்கு லெக்கோ என்ன என்பதைச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். மழைக்காலத்தில் ஈர விறகை வைத்துக்கொண்டு ஊதுகுழலால் ஊதி ஊதி, கண் சிவந்து, இருமிக்கொண்டே உலை வைப்பார்கள். லெக்கோ வந்ததும் அது போச்சு. இரும்பு வாளிக்குள் மண் பூசிச் செய்த அடுப்பு, நடுவில் கம்பி வலை, கீழே காற்று போக ஒரு வாய். கொட்டாங்குச்சியை வைத்துப் பற்றவைத்து விசிறிவிட்டால் கொஞ்ச நேரத்தில் கணகணவென்று பிடித்துக்கொள்ளும். அப்புறம் மணிக்கணக்கில் நிற்கும். புகை கிடையாது, பாத்திரத்தில் கரி பிடிக்காது. ஆயா அதை ஏதோ சாமி கொடுத்த வரம் மாதிரிதான் பேசுவார்.

என் சித்தப்பா அந்தக் கரியைச் செய்யும் பிளான்ட்டில்தான் வேலை பார்த்தார். நெய்வேலியில் தோண்டி எடுக்கும் பழுப்பு நிலக்கரியில், அதாவது லிக்னைட்டில், எடையில் கிட்டத்தட்ட பாதி தண்ணீர். துணியில் இருக்கும் ஈரம் மாதிரி பிழிந்துவிட முடியாது. நுண்ணிய துளைகளுக்குள் உட்கார்ந்திருக்கும். காயவைத்தால் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். பொடியைச் சும்மா குவித்து வைத்தால் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். அதனால் பொடியைக் காயவைத்து, பெரிய பிரஸ்ஸில் அழுத்திக் கட்டியாக்கி, அந்தக் கட்டியைக் காற்றுப் படாமல் உலையில் சுடுவார்கள். அப்படிச் சுடும்போது தார், ஃபீனால், கிரெசால் எல்லாம் ஆவியாக வெளியே வரும். அதைக் குளிரவைத்துத் தனியாகப் பிடித்துவிடுவார்கள். அந்தக் கால ஆஸ்பத்திரி வராண்டாவில் ஒரு வாசனை அடிக்குமே, அந்தக் கார்பாலிக் வாசனை சித்தப்பாவின் சட்டையிலும் இருக்கும்.

"உங்க அடுப்புல வரவேண்டிய புகையை நாங்க அங்கியே புடிச்சி டிரம்முல அடைச்சிடறோம்டா" என்பார். லெக்கோவின் மொத்தத் தத்துவமும் அவ்வளவுதான். 1960-களின் நடுவில் தொடங்கிய அந்தப் பிளான்ட் இப்போது இல்லை.

1984 டிசம்பர். சித்திக்குப் பிரசவமாகி, விருத்தாசலம் பக்கத்தில் ஆயா வீட்டில் இருந்தார். குழந்தை பிறந்து பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். விடாத மழை. குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று ஆயா, சமையல் முடிந்த லெக்கோ அடுப்பைத் தூக்கிக்கொண்டுபோய் பிள்ளை பெற்றவள் படுத்திருந்த அறையில் வைத்தார். நன்றாகப் பூத்த கரி. மேலே வெள்ளைச் சாம்பல், உள்ளே சிவப்பு. ஜன்னலை அடைத்து, கதவிடுக்கில் பழைய புடவையைச் சொருகியாயிற்று.

கொஞ்ச நேரத்தில் சித்தி தலைவலி என்றார். பிறகு வாந்தி. பித்தம் என்று சுக்கு தட்டிக் கொடுத்தார்கள். குழந்தை பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தது. சமர்த்துக் குழந்தை என்றார்கள். ரெண்டாம் ஷிஃப்ட் முடிந்து கடைசி பஸ் பிடித்து, நனைந்துகொண்டே வந்தார் சித்தப்பா. குழந்தையைப் பார்க்க அறைக் கதவைத் தள்ளியவர் அப்படியே நின்றார்.

"அத்தை, மொதல்ல அடுப்ப வெளிய எடுங்க!"

"ஏன் மாப்ளே, பொகையே இல்லியே?"

அவர் பதில் சொல்லவில்லை. அவரே அடுப்பைத் தூக்கி மழையில் வைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து, சித்தியையும் குழந்தையையும் தாழ்வாரத்துக்குக் கொண்டுவந்தார். விடிந்ததும் ஆஸ்பத்திரி. ஒன்றும் ஆகவில்லை. அந்தக் குழந்தைக்கு இப்போது ரெண்டு பசங்க.

ஆயாவின் கேள்வியில் தப்பே கிடையாது. ஆயிரக்கணக்கான வருஷமாக மனுஷனுக்குத் தெரிந்த அடுப்புச் சாஸ்திரம் அது: புகை இருந்தால் ஆபத்து. கண் எரியும், மூச்சு முட்டும், கதவைத் திறந்துகொண்டு ஓடுவோம். புகைதான் அலாரம். லெக்கோவில் புகையை எடுத்தபோது அந்த அலாரத்தையும் சேர்த்துக் கழற்றியாகிவிட்டது.

அந்த அறையில் என்ன நடந்தது என்பதைச் சித்தப்பா மறுநாள் அடுப்பை வைத்துக்கொண்டே விளக்கினார். கீழே வாய் வழியாக நுழையும் காற்றில் கரி எரிந்து கார்பன் டை ஆக்சைடு ஆகிறது. அது மேலே ஏறும்போது சிவந்த கரிக்கு நடுவே புகுந்து போக வேண்டும். அங்கே அந்தக் கரி அதனிடமிருந்து பாதி ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொள்ள, ரெண்டும் கார்பன் மோனாக்சைடாக மாறுகின்றன. மேலே வந்ததும் புதுக் காற்று பட்டு அது எரியும். லெக்கோ அடுப்பில் மேலே மெல்லிசாக ஒரு நீலத் தீ ஆடுமே, அதுதான். "அந்த நீலம் இருக்கற வரைக்கும் வெஷம் எரிஞ்சு போவுது. நீலம் அடங்கி வெறும் செவப்பு மட்டும் இருந்தா, வெஷம் எரியாம வெளிய வருது" என்றார். நாம் அடுப்பை உள்ளே தூக்கிக்கொண்டு போவதோ, நீலம் அடங்கி 'பூத்த' பிறகுதான்.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இதை இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது. பிளான்ட்டில் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதானாம்.

பின்னாளில் காலேஜில் கெமிக்கல் எஞ்சினியரிங் படிக்கும்போதுதான் எனக்கு இன்னொன்று புரிந்தது. சித்தியைக் கொல்லப் பார்த்த அதே வாயுவைத்தான் கரி விஞ்ஞானிகள் நூறு வருஷமாகச் சீராட்டி வளர்க்கிறார்கள்! சிவந்த கரியில் காற்றோடு நீராவியையும் விட்டால், கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு வரும். கரியை வாயுவாக்குவது என்றால் இதுதான். ஆயா வீட்டு அடுப்பே ஒரு குட்டி கேசிஃபையர்தான், குழாய் மட்டும்தான் இல்லை.

லெக்கோ பிளான்ட் மாதிரியே நெய்வேலியில் இன்னொன்றும் இருந்தது, உரத் தொழிற்சாலை. அங்கே லிக்னைட்டை விங்க்லர் கேசிஃபையரில் போட்டு ஹைட்ரஜன் எடுத்து, அதிலிருந்து அம்மோனியா, அதிலிருந்து யூரியா செய்தார்கள். ஃபிரிட்ஸ் விங்க்லர் 1920-களில் ஜெர்மனியில் கண்டுபிடித்த முறை. கரிப்பொடிக்குக் கீழிருந்து காற்றை வேகமாக ஊதினால் பொடி முழுக்கக் கொதிக்கும் பால் மாதிரி பொங்கிப் புரளும். ஒவ்வொரு துணுக்கும் வாயுவோடு கலக்கும். பழுப்புக் கரிக்கு ரொம்பப் பொருத்தம். பிறகு அந்த ஆலை எண்ணெய்க்கு மாறி, அதற்கப்புறம் மூடியும் ஆகிவிட்டது.

இந்த வாயுவிலிருந்து டீசலே செய்யலாம் என்று 1920-களின் நடுவில் காட்டியவர்கள் ஃபிரான்ஸ் ஃபிஷரும் ஹான்ஸ் ட்ராப்ஷும். இடம், முல்ஹைம் நகரத்தில் கரி ஆராய்ச்சிக்கென்றே கட்டிய நிலையம். இரும்பு அல்லது கோபால்ட் வினையூக்கியின் மேல் வாயுவை ஓடவிட்டால் கார்பன் ஒன்றோடொன்று கோர்த்துப் பூச்சரம் மாதிரி நீளும். சின்னச் சரம் பெட்ரோல், நீளச் சரம் டீசல், இன்னும் நீளம் மெழுகு. (அதே நிலையத்தில்தான் 1953-ல் கார்ல் ஸீக்லர் எளிதாகப் பாலிஎதிலீன் செய்யும் வினையூக்கியைக் கண்டுபிடித்தார். ஆக, நம்ம ஊர் பிளாஸ்டிக் குடத்தின் வம்சாவளியில் ஒரு கரி ஆராய்ச்சி நிலையமும் உண்டு!)

இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கரியில் ஹைட்ரஜன் ரொம்பக் குறைவு. ஒரு கார்பனுக்கு ஒரு ஹைட்ரஜன் கூடச் சரியாகத் தேறாது. டீசலுக்கோ ஒரு கார்பனுக்கு ரெண்டு வேண்டும். மிச்ச ஹைட்ரஜனுக்கு எங்கே போவது? தண்ணீரிடம்தான். தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்தால் அதன் ஆக்சிஜன் சும்மா போகாது, ஒரு கார்பனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கார்பன் டை ஆக்சைடாக வெளியேறும். இதையும், பிளான்ட் ஓட எரிக்கும் கரியையும் சேர்த்தால், உள்ளே போன கார்பனில் பாதிக்கும் மேல் டீசல் டாங்க்கை எட்டிப் பார்ப்பதே இல்லை.

அதனால்தான் எண்ணெய் வேறு வழியில் கிடைத்தவர்கள் பெரும்பாலும் இதைத் தொடவில்லை. போருக்கு எண்ணெய் தேவைப்பட்ட ஹிட்லரின் ஜெர்மனி தொட்டது. எண்ணெய்வளம் இல்லாத தென்னாப்பிரிக்காவில் 1955-ல் சசோல் தொடங்கியது. நிறவெறி ஆட்சிக்கு எதிரான எண்ணெய்த் தடை வந்ததும் அதுவே உயிர்நாடியானது. அவர்களின் செகுண்டா ஆலை இன்றைக்கும் ஓடுகிறது. உலகத்தில் ஒரே இடத்திலிருந்து மிக அதிகமாகக் கார்பன் டை ஆக்சைடை வெளிவிடும் இடங்களில் அது ஒன்று. நிறமில்லை, வாசனையில்லை. ஆயா பார்த்தால் அங்கேயும் அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார்.

நம் நாட்டுக் கதை வேறு. இந்தியக் கரியில் சாம்பல் முப்பது, நாற்பது சதவீதம். அரிசியில் கல் கிடந்தால் அரித்து எடுக்கலாம்; இது உப்புமாவில் உப்பு மாதிரி உள்ளேயே ஊறிப்போனது. வெளிநாட்டு கேசிஃபையர் பலவும் இதைப் பார்த்தாலே மூச்சுத் திணறும். நம்ம திருச்சி பெல் நிறுவனத்தில் 1980-களின் கடைசியிலேயே 6.2 மெகாவாட்டில் ஒரு சோதனை நிலையம் கட்டிக் கரி வாயுவில் மின்சாரம் எடுத்தார்கள். 2021-ல் அதே நிறுவனம் ஹைதராபாத்தில் சாம்பல் நிறைந்த கரியிலிருந்து நாளைக்குக் கால் டன் மெத்தனால் எடுத்துக் காட்டியது. சின்ன அளவுதான், ஆனால் நம்ம கரிக்கு நம்ம ஆட்கள் கண்ட வழி. அதில் எனக்குப் பெருமைதான், மறைக்கவில்லை. 2030-க்குள் வருஷத்துக்குப் பத்து கோடி டன் கரியை வாயுவாக்க வேண்டும் என்பது மத்திய அரசின் இலக்கு. 2024 ஜனவரியில் அதற்காக 8,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகைக்கு ஒப்புதல் கொடுத்தார்கள். நெய்வேலி லிக்னைட்டிலிருந்து மெத்தனால் எடுக்கும் திட்டத்தையும் அறிவித்திருக்கிறார்கள்.

திட்டம் என்றதும் உற்பத்தி எவ்வளவு, இறக்குமதி எவ்வளவு மிச்சம் என்று பக்கம் பக்கமாகப் பேசுகிறார்கள். நான் தேடுவது ஒரே ஒரு வரி: கார்பன் டை ஆக்சைடு எங்கே போகும்? கேட்க நியாயம் இருக்கிறது. மின் நிலையப் புகைபோக்கியில் அது நைட்ரஜனோடு கலந்து நீர்த்துப்போய் வரும், பிடிப்பது கஷ்டம். கேசிஃபிகேஷனில் பெரும்பகுதியை எப்படியும் தனியாகப் பிரித்தே ஆக வேண்டும். கையில் பிடித்த பிறகு ஆகாசத்தில் விடுவதா, வேண்டாமா என்பதுதான் பாக்கி.

அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் நெய்வேலி மாதிரியே லிக்னைட்டை வாயுவாக்கும் ஆலை ஒன்று 1984-லிருந்து ஓடுகிறது. 2000-லிருந்து அதன் கார்பன் டை ஆக்சைடை முந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் குழாயில் அனுப்பி, கனடாவில் வேபர்ன் எண்ணெய் வயலுக்குள் இறக்குகிறார்கள். தர்மத்துக்கு இல்லை, அடியில் கிடக்கும் எண்ணெயை நெட்டித் தள்ளுவதற்கு. இருந்தாலும் உள்ளே போனதில் பெரும்பகுதி உள்ளேயே தங்குகிறது.

நெய்வேலிக்குத் தெற்கே காவிரிப் படுகையில் எண்ணெய் வயல்கள் இருக்கின்றன. மேப்பில் கோடு போடுவது சுலபம். ஆனால் 2017-ல் கதிராமங்கலத்தில் குழாய் கசிந்ததும் மக்கள் எப்படித் தெருவில் உட்கார்ந்தார்கள் என்பதை மறக்க முடியுமா? 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டமும் வந்துவிட்டது. கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனம். குழாய் வெடித்தால் பள்ளத்தில் தேங்கும், மூச்சை அடைக்கும். வயல்காட்டில் தூங்குகிறவனுக்கு வாசனை கூடத் தெரியாது. நெய்வேலியில் ஆலை கட்டும் முன் இதையெல்லாம் யாராவது எங்கள் ஊர்ப்பக்கம் வந்து, தமிழில், நின்று நிதானமாக விளக்கினால் தேவலை. சித்தப்பா அடுப்பை வைத்து விளக்கின மாதிரி.