இருபத்திரண்டு மில்லிவோல்ட்

திருநெல்வேலியில் அம்மாவின் ஃப்ரிட்ஜில் இன்சுலின் இருக்கும். 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கணும். நான் பெங்களூரில் இருக்கேன். அதனால் ஓர் ஆர்டுயினோ, ஓர் எல்எம்35 சென்சார், சைரனுக்கு ஒரு ரிலே. 8-ஐத் தாண்டினால் கத்தும்.

முதல் நாளே ரீடிங் குதித்தது. 4.4, 5.9, 3.9. எல்எம்35 ஒரு டிகிரிக்கு வெறும் 10 மில்லிவோல்ட்தான் தரும். இரண்டு மீட்டர் வயர் வீட்டிலிருக்கிற இரைச்சலையெல்லாம் வாங்கிக்கொள்ளும். சாஃப்ட்வேர்காரன் என்ன செய்வான்? ஐம்பது ரீடிங்கை எடுத்துச் சராசரி போட்டேன். எண் அடங்கிடுச்சு. பிரச்சினை முடிஞ்சதுன்னு ஊருக்குக் கிளம்பிட்டேன்.

அடுத்த வாரம் போன். சைரன் கத்துது, நிக்கவே மாட்டேங்குது. திரையில் என்னம்மா காட்டுதுன்னு கேட்டேன். ஒன்பது. "கதவை ஒழுங்கா மூடுனியா?"

"ஃப்ரிட்ஜு சில்லுன்னுதாம்ல இருக்கு. ஒம் மிஷினுதான் கத்துது."

நான் எண்ணைத்தான் நம்பினேன். இரண்டு மூன்று தடவை திட்டவும் செஞ்சேன். அம்மா ஒருநாள் வயரைப் பிடுங்கிட்டா. மே மாதம் சித்தி வீட்டில் நாலு நாள் இருந்துட்டு வந்தப்போ ஃப்ரிட்ஜ் ட்ரிப் ஆகிக் கிடந்தது. எத்தனை நாளாக என்று தெரியாது. ஐந்து குப்பியையும் குப்பையில் போட்டோம்.

அப்புறம்தான் மல்டிமீட்டரை எடுத்தேன். ஆர்டுயினோவின் கிரவுண்டுக்கும் சென்சாரின் கிரவுண்டு காலுக்கும் நடுவில் வைத்தேன். ரிலே ஆஃப்: கிட்டத்தட்ட பூஜ்ஜியம். ரிலே ஆன்: 22 மில்லிவோல்ட். இரண்டுக்கும் ஒரே கிரவுண்டு வயர் கொடுத்திருந்தேன். ரிலே காயில் 70 மில்லிஆம்பியர் இழுக்கும். ஜம்பர் வயரும் ப்ரெட்போர்டின் தளர்ந்த துளையும் சேர்ந்து 0.3 ஓம் இருந்தாலே போதும், சென்சாரின் தரைமட்டம் அவ்வளவு உயர்ந்துவிடும். அதாவது இரண்டு டிகிரி. கதவு திறந்த ஒரு நிமிஷத்தில் 8-ஐத் தொட்டு ரிலே விழும். விழுந்ததுமே எண் 10 ஆகும். ஃப்ரிட்ஜ் திரும்ப 7-க்கு வந்தாலும் திரையில் 9. சைரன் தன்னைத்தானே கத்த வெச்சுக்கிட்டு இருந்திருக்கு. மேலும் கீழும் ஆடுகிற இரைச்சலைத்தான் சராசரி அடக்கும். ஒரே பக்கம் தள்ளுகிற பிழைக்கு அது இஸ்திரி போட்டுக் கொடுக்கும், அவ்வளவுதான்.

ரிலேக்குத் தனி கிரவுண்டு வயர் இழுத்தேன். ஒரு முழ வயர். மறுபடி அளந்தேன், ரிலே விழுந்தும் எண் அசையல.

அம்மாகிட்ட காட்டினேன். அவ முதல்ல ஃப்ரிட்ஜுக்குள்ள கையை விட்டுக் கொஞ்ச நேரம் வெச்சிருந்தா. அதுக்கப்புறம்தான் திரையைப் பார்த்தா.