பெயர் எழுதிய பாறை

உடல்நலம் நாடுவோர் குற்றாலத்து அருவிக்குச் செல்வர். குளிர்ச்சியை நாடுவோர் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் செல்வர். புதுக்கோட்டை மாவட்டத்துக் குன்றுகளிலோ அருவியும் இல்லை, குளிரும் இல்லை. வெயிலில் காயும் மொட்டைப் பாறைகளே மிகுதி. எனினும் அத்தகைய குன்று ஒன்றைத் தேடி ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பே துறவியர் வந்து தங்கினர். அக்குன்றே சித்தன்னவாசல்.

புதுக்கோட்டை நகரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இக்குன்றைச் சுற்றிப் பெருங்கற்கால ஈமச் சின்னங்கள் காணப்படுகின்றன. குன்றின் மேலே இயற்கையாய் அமைந்த குகைத்தளம் ஒன்று உண்டு. ஏறுவோர் கால் வைப்பதற்கெனப் பாறைச் சரிவில் ஏழு குழிகள் வெட்டப்பட்டுள்ளமையால், அது ஏழடிப்பட்டம் எனப்படுகிறது. உள்ளே, தலையணை போன்ற மேடுகளுடன் வழவழப்பாக்கப்பட்ட 17 கற்படுக்கைகள். சமணத் துறவியர் துயின்றதும் நோன்பிருந்ததும் இங்கேதான்.

அவற்றுள் ஒரு படுக்கையில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு உள்ளது. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த காவுடி என்பவருக்குச் சிறுபொசில் இளையர் இவ்விருக்கையைச் செய்தளித்தனர் என்பது அதன் கருத்து. மன்னர் புகழோ போர் வெற்றியோ அதில் இல்லை. தந்தவர் பெயரும் பெற்றவர் பெயரும் ஒன்றாக நிற்கின்றன.

குன்றின் மேற்குச் சரிவில் அறிவர் கோயில் என்னும் குடைவரை அமைந்துள்ளது. ஒன்பதாம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இதனைப் புதுப்பித்தார் என்று கல்வெட்டு கூறுகிறது. இதன் விதானத்தில் ஒரு தாமரைக் குளம் தீட்டப்பட்டுள்ளது. மலர்களுக்கிடையே மீன்களும் அன்னங்களும் யானைகளும் எருமைகளும் திரிய, மூவர் நீரில் இறங்கித் தாமரை பறிக்கின்றனர். தூண்களில் ஆடல் மகளிர் உருவங்கள் உள்ளன.

நீர் அரிதான நிலத்தில் ஓவியன் குளத்தை வரைந்தான். இயற்கையோ அதே குன்றில் நவச்சுனை என்னும் சுனையை வைத்தது. அதன் நீருக்கடியில் சிறு குடைவரை ஒன்று மூழ்கியிருக்கிறது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நிலைத்த அந்த ஓவியக் குளம் இன்று முழுமையாக இல்லை. காலம் அழித்தது ஒரு பகுதி. காண வந்தோரின் கைகள் சிதைத்தது மற்றொரு பகுதி. இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இவ்விடம் இருப்பினும், காவலர் கண் எப்போதும் எல்லா இடத்திலும் இருப்பதில்லை.

சுற்றுலா வரும் மாணவன் ஒருவன் பாறையருகே கூரிய கல்லொன்றைக் கையில் எடுக்கிறான். தன் பெயர் இங்கே நிலைக்க வேண்டும் என்னும் ஆசை அவனுக்கு. அந்த ஆசையில் தவறில்லை; இளையரும் தம் பெயரைப் பொறித்தவர்களே. ஆயினும், வேற்றூரிலிருந்து வந்த ஒருவர் இளைப்பாறப் படுக்கை செய்து தந்த பின்னரே அவர்கள் பெயர் கல்லில் ஏறியது. அந்தக் கல்வெட்டின் பொருளை யாரேனும் அவனுக்குச் சொன்னால், கையிலுள்ள கல்லை அவன் தானே கீழே வைப்பான்.