கடித்த நாயின் முடி

முந்தின இரவு மிதமிஞ்சிக் குடித்தவன், காலைத் தலைவலிக்கு இன்னொரு மடக்கு கேட்கும்போது ஆங்கிலத்தில் ‘ஹேர் ஆஃப் த டாக்’ என்பான். கடித்த நாயின் முடியே கடிக்கு மருந்து என்ற கணக்கு. கல்லூரி நாட்களில் ஒரு நாவலில் இதைப் படித்தபோது எனக்கு மது நினைவுக்கு வரவில்லை. நாய் கடித்த என் தம்பியின் கெண்டைக்கால்தான் வந்தது, அதில் பாட்டி அப்பிய மிளகாய்த்தூளும்.

நாய்க்கடி என்றால் அப்போதெல்லாம் தொப்புளைச் சுற்றி ஊசி. ஆட்டு மூளையிலிருந்து எடுத்த அந்த மருந்தைக் குன்னூரில் 1907-ல் தொடங்கிய பாஸ்டர் நிலையம் தயாரித்தது. கடித்த நாய் பத்து நாள் உயிரோடிருந்தால் பயமில்லை என்பார்கள். அதனால் அம்மா தினமும் தெருமுனைக்குப் போய் அந்த நாய்க்குச் சோறு வைத்தாள். பிள்ளையைக் கடித்த நாய் சாகக்கூடாதென்று வேண்டிக்கொண்டவள் அவள்.

நாயும் பிழைத்தது. ராத்திரியெல்லாம் குரைக்கும். குரைப்பு என்றதும் இன்னொன்று வருகிறது. சம்பந்தமில்லாத ஆளைச் சந்தேகிப்பவனிடம், ‘நீ வேறு மரத்தைப் பார்த்துக் குரைக்கிறாய்’ என்பார்கள் ஆங்கிலத்தில். அமெரிக்க வேட்டைக்காரர்களின் பேச்சு அது. இருட்டில் ரக்கூனை மோப்பம் பிடித்து மரத்தில் ஏற்றிவிட்டு, ஆள் வரும்வரை அடியில் நின்று குரைப்பது வேட்டைநாயின் வேலை. ரக்கூன் சத்தமில்லாமல் அடுத்த மரத்துக்குத் தாவியிருக்கும். சொலவடை அந்த ஏமாற்றத்தை மட்டும் பிடித்துவைத்துக்கொண்டது. அந்த நாய்களை வளர்த்தவர்கள் அப்படியில்லை. அலபாமாவில் கீ அண்டர்வுட் 1937-ல் தன் நாய் ட்ரூப்பைப் புதைத்த இடம், இன்று ரக்கூன் வேட்டைநாய்களுக்கு மட்டுமேயான மயானம். சொலவடையைவிட எனக்கு இவர்கள்மேல்தான் நம்பிக்கை.

மறுபடி அந்த முடிக்கே வருகிறேன். 1546-ல் ஜான் ஹேவுட் தொகுத்த பழமொழி நூலிலேயே அது குடிகாரர் பேச்சாகிவிட்டது. ஆனால் ரோமாபுரி பிளினியின் காலத்தில் நாய்முடியைச் சுட்டு நிஜமாகவே புண்ணில் வைத்தார்கள். 1885-ல் பாரிஸில் பாஸ்டர் ஒரு சிறுவனுக்குத் தடுப்பூசி போடும்வரை, கையில் கிடைத்ததை அப்புவதைத் தவிர தாய்மார்களுக்கு என்ன வழி இருந்தது? பாட்டிமேல் எனக்கு வருத்தமில்லை. சோப்பும் தண்ணீரும் விட்டுக் கால்மணி நேரம் கழுவ வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

இந்த நாய்களில் என் மனசைத் தொட்டது கறுப்பு நாய். மாறாத மனச்சோர்வுக்கு ஆங்கிலத்தில் அப்படி ஒரு பெயர். சாமுவேல் ஜான்சன் 1783-ல் கடிதத்தில் எழுதியிருக்கிறார். கறுப்பு நாய் திரும்பி வந்தால் ஒரு ஜெர்மானிய மருத்துவர் உதவக்கூடும் என்று சர்ச்சில் 1911-ல் மனைவிக்கு எழுதினார். என் மாமா மாதக்கணக்கில் திண்ணையிலேயே உட்கார்ந்திருப்பார். சோம்பேறி என்றது ஊர். நோயை ஆளிடமிருந்து பிரித்து, பக்கத்தில் ஒரு நாயாக உட்காரவைக்கத் தெரிந்திருந்தால் அவரை அப்படிப் பேசியிருக்க மாட்டோம்.

இதை அத்தையிடம் சொன்னேன். “அவரு எப்படித் துரத்தினாராம்?” என்றாள். பதவி பறிபோன 1915-ல் சர்ச்சில் படம் வரையத் தொடங்கி, முதுமைவரை விடவில்லை என்றேன்.

“உங்க மாமாவுக்குக் கிணத்தடி வாழை” என்றாள் அத்தை. “தண்ணி பாய்ச்சுற நேரம் மட்டும் மனுஷன் பேசுவாரு.”