கடுகளவு கிரீஸ்

அக்காதான் முதலில் சொன்னாள். "தம்பி, அடுத்த தடவை வரும்போது அப்பா மோட்டாருக்கு ஏதாவது பண்ணிடு. ஸ்டார்ட்டே ஆகக்கூடாது."

அப்பாவுக்கு 76 வயது. காஹாங் பட்டணத்துக்குப் போய்ப் பத்திரிகை வாங்கி, ஒரு கோப்பி குடித்துவிட்டு வர இன்னமும் அந்தப் பழைய ஹோண்டா சி70தான். போகிற வழி குளுவாங் – மெர்சிங் சாலை. செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் ஒரு பக்கம். சனிக்கிழமை வந்துவிட்டால் தியோமான் படகைப் பிடிக்க மெர்சிங் துறைக்குப் பறக்கும் கார்கள் இன்னொரு பக்கம். போன மாதம் ஒரு லாரி உரசுவதுபோல் கடந்து போனதில் அப்பா மோட்டாரோடு புல்தரையில் இறங்கிவிட்டார். அடி ஒன்றுமில்லை. அதையும் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். அவர் வாயே திறக்கவில்லை.

சாவியை வாங்கி வைப்பதில் பயனில்லை. அந்தச் சாவித் துவாரம் தேய்ந்து, ஸ்குரூ டிரைவர் நுனியைக் கொடுத்தாலே திரும்பும். அக்கா சொன்னது புரிந்தது. எனக்குத் தெரிந்த ஒரே வழி பாயிண்ட்.

இஎக்ஸ்5 ஓட்டி வளர்ந்த பிள்ளைகளுக்குப் பாயிண்ட் என்றால் என்னவென்றே தெரியாது. சிடிஐ வந்து அதை ஒழித்துவிட்டது. பழைய கப்சாயில் மேக்னட்டுக்குப் பின்னால் இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். மேக்னட்டோடு சுற்றும் கேம் அவற்றைப் பிரித்துவிடும் நொடியில்தான் பிளக்கில் நெருப்புப் பறக்கும். இஞ்சின் சும்மா நின்று ஓடும்போதே நிமிடத்துக்குச் சுமார் 1,500 தடவை இது நடக்கிறது. கேம்மில் உரசிக்கொண்டிருப்பது பாயிண்டின் ஃபைபர் கால். அது காய்ந்து உரசினால் தேயும். தேய்ந்தால் இடைவெளி குறையும், நெருப்பு தாமதமாக விழும், பத்து உதை உதைத்தாலும் முக்கிக்கொண்டு நிற்கும். அதற்காகவே கேம்மைத் தொட்டபடி ஃபெல்ட் துண்டு ஒன்று வைத்திருக்கிறார்கள். அதில் சூட்டுக்கு உருகாத கிரீஸை லேசாகத் தடவிவிட்டால் மாதக்கணக்கில் கவலை இல்லை.

லேசாக என்பதுதான் விஷயம். தோட்டத்தில் நான் முதன்முதலாக அதைச் செய்தபோது எனக்குப் பதினைந்து வயது. நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கும் ஆசையில் ஃபெல்ட்டை கிரீஸில் முக்கியே எடுத்துவிட்டேன். மறுநாள் விடியற்காலையில் அப்பா பெரட்டுக்குப் போகும் வழியில் மோட்டார் செத்துவிட்டது. கிரீஸ் சூடாகித் தெறித்து, பாயிண்டில் ஒட்டிக் கருகியிருந்தது. தள்ளிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் பெயர் கூப்பிட்டு முடிந்துவிட்டது. அன்றைய கூலி போச்சு. சாயங்காலம் என்னை உட்கார வைத்து, தீக்குச்சி முனையில் கிரீஸை எடுத்துக் காட்டினார். "கடுகளவு. கடுகுக்கு மேல போனா எண்ணெய் இல்ல, விஷம்."

1958இல் ஜப்பானில் வெளிவந்த இந்த சூப்பர் கப் வகை வண்டி, 2017இல் பத்துக் கோடியைத் தொட்டதாக ஹோண்டா அறிவித்தது. அத்தனை கோடியில் ஒன்றின் மேல்தான் பால் வாளிகளும், என் பள்ளிப் புத்தகப் பையும், பிரசவ வலியில் அம்மாவும் போயிருக்கிறார்கள்.

போன மாதக் கடைசியில் ஜோகூர் பாருவிலிருந்து போயிருந்தேன். நான் கேட்காமலேயே அப்பா சொன்னார்: "கண்ணு சரியா தெரியல ஐயா. பாயிண்டைக் கொஞ்சம் பாத்துடு." புல்லரையும் ஃபீலர் கேஜையும் துணி விரித்து எடுத்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

மேக்னட்டைக் கழற்றித் துடைத்தேன். ஃபெல்ட்டுக்குக் கடுகளவு வைத்தேன். மேக்னட்டை மாட்டி, அதன் ஜன்னல் வழியாக இடைவெளியைச் சரிபார்த்தேன். 0.3க்கும் 0.4 மில்லிமீட்டருக்கும் நடுவில், கச்சிதம். பிறகு தீக்குச்சியில் இன்னொரு உருண்டை எடுத்து, அதே ஜன்னல் வழியாக இரண்டு பொட்டுகளுக்கும் நடுவில் அப்பினேன். மூடியைப் போடும்போது கை நடுங்கியது.

"ஸ்டார்ட் பண்ணிப் பாத்தியா?" தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார்.

"பாத்தேம்ப்பா. நல்லா இருக்கு."

இரவு தூக்கம் வரவில்லை. அக்காவுக்கு மட்டும், முடிந்தது என்று செய்தி அனுப்பினேன்.

காலை ஆறரைக்கு உதைக்கும் சத்தம் கேட்டது. ஐந்து, ஆறு, ஏழு. பிறகு அமைதி. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கண் தெரியாது என்று என்னிடம் கொடுத்தவர், வாசலில் சம்மணமிட்டு உட்கார்ந்து மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார். பழைய பத்திரிகையின் ஓரத்தைக் கிழித்து, விரலால் தடவிப் பாயிண்டைக் கண்டுபிடித்து, காகிதத்தை நடுவில் விட்டு இழுத்தார். கறுப்பாக வந்தது. இன்னொரு துண்டு. மூன்றாவது துண்டு வெள்ளையாக வரும்வரை விடவில்லை. ஒரே உதையில் பிடித்துக்கொண்டது.

நான் வெளியே வந்தபோது கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கறுத்த காகிதங்களை என் பக்கம் நீட்டினார்.

"அக்கா சொன்னாளா?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

மோட்டாரை அணைத்தார். "பெரிய ரோட்டுக்கு இனிமே எடுக்கல. உள் ரோட்டுல கோயில் வரைக்கும், அவ்வளவுதான். அவகிட்ட சொல்லிடு." வீட்டுக்குள் போகப் போனவர் வாசற்படியில் நின்றார். "அடுத்த தடவை பாயிண்டப் பாக்கும்போது என்னையும் கூப்பிடு. பக்கத்துல உக்காந்துக்கிறேன்."