ஒரு ஊசி போட்டாச்சே, போதாதா?

நாய்க்குட்டி வளர்க்கும் பல வீடுகளில் நடக்கும் கதைதான் இது. வந்த முதல் வாரம் குட்டி செருப்பைக் கடித்து வீட்டையே ரகளையாக்கும். பிறகு ஒரு நாள் காலையில் சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டு மூலையில் போய்ப் படுத்துக்கொள்ளும். மாலைக்குள் வாந்தி. மறுநாள் ரத்தம் கலந்த பேதி, குடலைப் புரட்டும் நாற்றம். "ஊசிதான் போட்டாச்சே டாக்டர்!" என்று வீட்டுக்காரர் திகைத்து நிற்பார்.

பார்வோ வைரஸ். பூனைகளைத் தாக்கும் ஒரு வைரஸின் நெருங்கிய சொந்தம். 1978-இல் நாய்களிடம் கண்டுபிடிக்கப்பட்டு, இரண்டே வருடங்களில் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. மனிதர்களுக்கு இது தொற்றாது.

குடலின் உள்சுவரைப் புதுப்பிக்கும் செல்களைத்தான் இது அழிக்கிறது. சுவர் உரிந்ததும் உடம்பின் தண்ணீர் வெளியேறும், குடலில் இருக்கும் பாக்டீரியா ரத்தத்துக்குள் நுழையும். எதிர்த்துச் சண்டை போட வேண்டிய வெள்ளை அணுக்களையும் வைரஸ் ஏற்கெனவே குறைத்திருக்கும்.

சரி, ஊசி ஏன் கைகொடுக்கவில்லை? காரணம், தாய்ப்பால்! சீம்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி, தடுப்பூசியையும் எதிரி என்று நினைத்து முடக்கிவிடும். நாளாக ஆக அந்தச் சக்தி குறையும். நோயைத் தடுக்கப் போதாது, ஆனால் ஊசியைக் கெடுக்கப் போதும் என்று ஒரு இடைவெளி வரும். அது எந்த வாரம் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 2 முதல் 4 வாரங்களுக்கு ஒரு முறை, குறைந்தது 16 வாரம் ஆகும் வரை போடச் சொல்கிறார்கள். பலர் செலவுக் கணக்குப் பார்த்து விட்டுவிடுவது அந்தக் கடைசி ஊசியைத்தான்.

சிகிச்சை இல்லாவிட்டால் பெரும்பாலான குட்டிகள் பிழைப்பதில்லை. சீக்கிரமே டிரிப்ஸ் ஏற்றி, வாந்தியை நிறுத்திக் கவனித்தால் பெரும்பாலானவை பிழைக்கின்றன. "நாளைக்குப் பார்க்கலாம்" என்பதுதான் ஆபத்து.

இன்னொரு கொடுமையும் உண்டு. குட்டி இறந்த துக்கம் தாங்காமல் அடுத்த வாரமே இன்னொன்றை வாங்கி வருவார்கள். அதே கிண்ணம், அதே சாக்கு, அதே தோட்டம். வைரஸ் மாதக்கணக்கில் மண்ணில் உயிரோடு இருக்கும். சோப்பும் ஸ்பிரிட்டும் அதைக் கொல்லாது. ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து, கழுவிய தரையில் ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். மண்ணுக்கு அதுவும் பலிக்காது.

அந்த வீட்டுக்கு அடுத்து வரும் குட்டி, எல்லா ஊசியும் போட்டு முடித்த குட்டியாக இருக்கட்டும்.